போன தடவை ஒன்றும் நடக்கவில்லையே!



சித்திரை விடுமுறை கிட்ட வந்தால் கொழும்புத் தமிழ் வீடுகளில் நுவரெலியாப் பேச்சுத் தொடங்கிவிடும். வெள்ளவத்தையில் வான் ஹயருக்குப் பேசப்படும். கொட்டாஞ்சேனையில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பஸ் ஒன்றைப் பிடிக்கும். சில பங்குகளில் இளைஞர்கள் ஆதாம் மலைக்கு, அதாவது சிவனொளிபாத மலைக்கு, இரவோடிரவாக ஏறி இறங்கத் திட்டம் போடுவார்கள். கொள்ளுப்பிட்டிக் கடற்கரையோரம் வாழும் நமக்கு மலை என்பது நாட்காட்டிப் படம். (வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும் சில விடியல்களில் அந்த மலையின் கூம்பு கொழும்பிலிருந்தே தெரியும் என்பதைப் பலர் அறியார்.) வெயிலில் வெந்தவர்கள் குளிரைத் தேடிப் போவதில் குற்றமில்லை. அதைப் பற்றியதல்ல இக்கட்டுரை.

நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்ட மலைப்பாதையில், கட்டாயம் எதுவுமின்றி, பொழுதுபோக்குக்காக மனைவி மக்களை அழைத்துக்கொண்டு போவது அறநெறிக்கு உடன்பாடானதா? எந்த வீட்டில் இக்கேள்வியைக் கேட்டாலும் வருகிற மறுமொழி ஒன்றே. “நாங்கள் வருஷா வருஷம் போறனாங்கள். போன தடவையும் மழைதான். ஒன்றும் நடக்கவில்லையே!”

இந்த வாதத்தைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். அனுபவம் நல்ல ஆசான் என்பது உண்மை. ஆனால் எல்லா வகுப்பிலும் அல்ல. கறிக்கு உப்புக் கூடினால் முதற் கவளத்திலேயே தெரிந்துவிடும். மறுநாள் கை அளவறிந்து போடும். தையற்காரர் அளவு பிழைத்தால் சட்டை காட்டிக்கொடுத்துவிடும். மலைச்சாய்வு அப்படி உடனுக்குடன் பேசுவதில்லை. நிற்கத் தகாத இடத்தில் பலமுறை நின்றாலும் பெரும்பாலான முறைகளில் ஒன்றும் நிகழாது. ஒவ்வொரு முறையும் “நமது கணிப்புச் சரி” என்று நமக்கு நாமே புள்ளி போட்டுக்கொள்கிறோம். ஒன்றும் நடக்காமற் போனது அந்த இடம் உறுதியானது என்பதாலும் இருக்கலாம். மயிரிழையில் தப்பினோம் என்பதாலும் இருக்கலாம். இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. ஆகவே “போன தடவை” என்பது சான்று போலத் தோன்றும், சான்று அல்லாத ஒன்று.

இந்த மயக்கத்தை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் பனிமலைகளில் பயணஞ் செய்வோர். நமக்கும் பனிக்கும் குளிர்பெட்டிக்குள் இருக்கும் உறவுதான் என்றாலும், அவர்களது அனுபவம் நமக்கு உதவும். ஆல்ப்ஸ், இமயம் போன்ற மலைகளில் குளிர்காலம் முழுவதும் அடுக்கடுக்காக விழுந்த பனி, வசந்த காலத்து வெயிலில் உருகத் தொடங்கும். உருகிய நீர் அடுக்குகளினூடே இறங்கி, ஒன்றையொன்று பற்றிய பிடியைத் தளர்த்தும். இரவு வானம் தெளிந்து குளிர் இறங்கினால் மேற்பரப்பு மீண்டும் உறைந்து கல்லாகும். எனவே பாதையற்ற பனிச்சாய்வுகளைக் கடப்போர் விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறிப் பனி குழைவதற்குள் இறங்கிவிடுவர். முதல்நாள் இரவு முகில் மூடிப் பனி உறையாதிருந்தால், விவேகமுள்ளவர் அன்று புறப்படவே மாட்டார். அவர்கள் அஞ்சுவது செங்குத்தான பாறையை அல்ல. பெரும்பாலான பனிச்சரிவுகள் கிளம்புவது 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சாய்வுகளில். பார்வைக்கு அழகான, கால் வைக்கத் தூண்டுகிற சாய்வுகள் அவை.

ஐயத்துக்குரிய சாய்வை அவர்கள் கூட்டமாகக் கடப்பதில்லை. ஒருவர் கடக்க, மற்றவர் காவலான இடத்தில் நின்று அவரைக் கண்ணால் தொடர்வர். ஒவ்வொருவரிடமும் புதையுண்டவரைக் கண்டறியும் சமிக்ஞைக் கருவி, குத்திப் பார்க்கும் நீண்ட கோல், மண்வெட்டி ஆகிய மூன்றும் இருக்கும். காரணம் நேரம். பனியில் புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் அநேகமாகப் பிழைத்துக்கொள்வார். அரைமணி கடந்துவிட்டால் அநேகமாக இல்லை. ஊரிலிருந்து உதவி வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிடும். அருகில் நிற்பவனே அங்கே அயலான், அவனே மீட்பவன்.

இவ்வளவு தெரிந்தும் அங்கே மனிதர் இறக்கின்றனர். 2022 ஒக்டோபர் 4ஆம் திகதி, இந்தியாவின் உத்தரகாண்ட் மாநிலத்தில் மலையேற்றப் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் அணி பனிச்சரிவில் சிக்கியது. உயிரிழந்தவர் 27 பேர். அவர்களுள் அதே ஆண்டில் எவரெஸ்ட் சிகரம் ஏறி இறங்கிய பெண் பயிற்றுநர் ஒருவரும் இருந்தார். 2016 பெப்ரவரி 3ஆம் திகதி சியாச்சினில் மதராஸ் படைப்பிரிவின் வீரர் பத்துப் பேர் புதையுண்டனர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். ஆறு நாட்களின் பின் ஒருவர் உயிருடன் எடுக்கப்பட்டார். அவரும் சில நாட்களில் இறந்தார். வீரரின் கதை வேறு. அவர்கள் அங்கு நின்றது கடமையின் பேரில். இங்கே நான் சொல்ல வருவது, தேர்ச்சி பெற்றவரையும் மலை கேட்டு எடுப்பதில்லை என்பதே. அப்படியானால் வருடத்தில் ஒருமுறை வானில் ஏறிப் போகும் நமது “பழக்கம்” எத்தனை பெறும்?

நம் மலைநாட்டுக்கு வருவோம். பனிக்குப் பதில் இங்கே மண்; வெயிலுக்குப் பதில் மழை. காய்ந்த மண்ணில் துகளும் துகளும் உராய்ந்து ஒன்றையொன்று பிடித்து நிற்கின்றன. நாட்கணக்கில் மழை பெய்யும்போது இடைவெளிகளில் நீர் நிறைந்து துகள்களை விலக்குகிறது. மண்ணின் பாரமும் கூடுகிறது. பிடி தளர்ந்து பாரம் கூடினால் மலை இறங்குகிறது. ஊறிய நீர் உடனே வடிந்துவிடாது என்பதால், மழை விட்டபின்னரும் சரிவு வரலாம். “மழை விட்டிட்டுது, இனிப் போகலாம்” என்று கிளம்புவோர் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும். பனிமலைக்காரன் காலையில் எழுந்ததும் “இரவு உறைந்ததா?” என்று கேட்பதுபோல, நாம் கேட்கவேண்டியது “இப்போது மழையா?” என்பதல்ல, “கடந்த மூன்று நாட்கள் எவ்வளவு மழை?” என்பதே.

இன்னோர் ஒற்றுமையும் உண்டு. பங்குனி, சித்திரை மாதங்களில் நம் மலைகளில் காலை பளிச்சென்று விடியும். பிற்பகலில் முகில் திரண்டு இடியும் மழையும் கொட்டும். அங்கே போலவே இங்கும் விடியற்காலமே பயணத்துக்கு உரியது. ஆனால் நாம் செய்வதென்ன? காலை உணவை ஆறுதலாக முடித்து, வழியில் நாலு இடத்தில் இறங்கிப் படம் எடுத்து, சரியாக இடி முழங்கும் வேளையில் இறம்பொடை வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கிறோம்.

இவ்விடயத்தில் நம் நாட்டில் வழிகாட்ட ஆளில்லை என்று சொல்லமுடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்து வைத்திருக்கிறது. மழை நாட்களில் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை கடந்தால் விழிப்பாயிருக்கவும், 100 கடந்தால் வெளியேறத் தயாராகவும், 150 கடந்தால் வெளியேறவும் வேண்டும் என்பது பொது அளவுகோல். தரையில் புதிதாகத் தோன்றும் வெடிப்பு, சாய்ந்துவரும் மரமும் மின்கம்பமும், திடீரென ஊற்றெடுக்கும் அல்லது வற்றிப்போகும் நீர், கலங்கி வரும் ஓடை, திறக்க மறுக்கும் கதவு: இவை மலை முன்கூட்டிக் காட்டும் அடையாளங்கள்.

எச்சரிக்கை நிறங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பனிமலை நாடுகளில் அபாயத்தை ஐந்து படிகளாக வகுத்திருக்கிறார்கள். ஐந்தாம் படியன்று பெரும்பாலும் எவரும் போவதில்லை. ஆகையால் இறப்பும் குறைவு. இறப்புகளில் பெரும் பங்கு நிகழ்வது மூன்றாம் படியன்று. ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம் என்று மனம் மொழிபெயர்த்துக்கொள்கிறது. நம் செம்மஞ்சளுக்கும் இதே கதிதான். சிவப்பு இல்லையே என்று ஆறுதல் அடைகிறோம். வெளியேற ஆயத்தமாகுங்கள் என்று அங்குள்ள மக்களுக்குச் சொல்லப்பட்ட ஊருக்குள், நாம் உல்லாசமாக நுழைகிறோம்!

2025 நவம்பர் 22ஆம் திகதி, கொழும்பு - கண்டி வீதியில் கடுகண்ணாவைப் பகுதியில், வீதியோரக் கடையொன்றின் மீது பாறையும் மண்ணும் சரிந்து ஆறு பேர் மாண்டனர். நம்மில் எத்தனை பேர் அந்த வீதியில் தேநீருக்காக வண்டியை நிறுத்தியிருக்கிறோம்! ஒரு வாரத்துக்குள் ‘டித்வா’ சூறாவளி வந்தது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் வரிசையாக இறங்கின. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இங்கே ஒரு பேச்சைக் கண்டிக்காமல் மேலே செல்ல முடியாது. மலையகத்தில் அனர்த்தம் நிகழும்போதெல்லாம் கொழும்பு வரவேற்பறைகளில், “சொன்னால் கேட்டு எழும்பிப் போயிருக்கலாந்தானே?” என்பார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கித் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பிவர அவர்களுக்கு வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானதென்று முன்னரே, 2005இலும் 2011இலும், அறிவிக்கப்பட்டிருந்தது. எழும்பி எங்கே போவது? காணி அவர்களுடையதல்ல. கூரை வேலையோடு கட்டப்பட்டது. ஒருநாள் பேர் விழாவிட்டால் அன்றைய உலை கொதிக்காது. அனர்த்தத்தின் பின்னரே, அதுவும் இரண்டு ஆண்டுகள் கழித்து, வேறிடத்தில் வீடுகள் கையளிக்கப்பட்டன. 2025இலும், எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் வரவில்லை என்ற முறைப்பாடு பலராலும் எழுப்பப்பட்டது.

ஒரு செயலுக்கு ஒருவர் பொறுப்பாவதற்கு இரண்டு வேண்டும் என்று அறநெறி இயல் கற்பிக்கிறது: அறிவு, சுதந்திரம். என்ன நடக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேறு விதமாகச் செய்ய அவரால் இயலவேண்டும். தனக்கு விளங்கும் மொழியில் எச்சரிக்கை வராத, வந்தாலும் போக இடமில்லாத தொழிலாளியிடம் இவ்விரண்டில் எது இருந்தது? சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்தவர்களைப் பற்றி ஆண்டவர் பேசியதை நாம் அறிவோம். அவர்கள் மற்றவரைவிடக் குற்றவாளிகள் என்று எண்ணியவர்களை அவர் கடிந்துகொண்டார். ஆனால் நம் நிலைமை வேறு. நம் கையில் தொலைபேசி இருக்கிறது, வாசிக்கத் தெரிந்த மொழிகள் இருக்கின்றன, திரும்பிப் போக வெள்ளவத்தையில் கூரை இருக்கிறது. அறிவும் சுதந்திரமும் முழுமையாக உள்ளவர் நாமே. ஒரே சாய்வின் கீழ் நிற்கும் இருவரில், உல்லாசத்துக்காக வந்து நிற்பவரின் பொறுப்பே பாரமானது.

“கடவுள் காப்பார்” என்று சிலர் இவ்விடத்தில் சொல்வார்கள். நானும் குருவானவன்தான், பயணம் புறப்படும் வண்டிகளை ஆசீர்வதிப்பவன்தான். எனினும் ஆலயத்தின் உச்சியில் நிறுத்தப்பட்டு, குதி, தேவதூதர் தாங்குவர் என்று தூண்டப்பட்ட ஆண்டவர் குதிக்கவில்லை. படிவழியே இறங்க வசதியிருக்கும்போது குதிப்பது விசுவாசமல்ல, கடவுளைப் பரீட்சை செய்வது. ஆசீர்வாதம் பெற்ற வானும் புவியீர்ப்புக்கு உட்பட்டதே.

“என் உயிர், என் விருப்பம்” என்போரும் உளர். பின் ஆசனத்தில் தூங்கிவரும் சிறுபிள்ளையை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். அதனிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. சாரதியை எண்ணுங்கள். பாதையின் நிலை அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆனால் “போகமுடியாது” என்று சொன்னால் இந்த ஹயர் மட்டுமல்ல, அடுத்த ஹயரும் போய்விடும் என்பதும் தெரியும். ஆகவே வாய் திறவார். பிறகு, நாம் அகப்பட்டுக்கொண்டால் நம்மைத் தோண்டி எடுக்க அதே சாய்வின் கீழ் வந்து நிற்கவேண்டிய இராணுவச் சிப்பாய்களும் அயற்கிராமத்து இளைஞர்களும். முதற் சரிவு வந்த இடத்தில் இரண்டாவதும் வரலாம். நம் விருப்பத்துக்கு அவர்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. பனிச்சரிவில் இறப்போர் விடயத்தில், பெரும்பாலும் அச்சரிவைக் கிளப்பியது அவருடைய காலே, அல்லது அவர் கூட்டாளியின் காலே. நம் மண்சரிவு அப்படியல்ல, நாம் நடப்பதால் மலை விழுவதில்லை என்று வாதாடலாம். ஆனால் ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியவேண்டும் என்று நாம் கேட்கிறோம். அந்த அறைக்காக யாரோ சாய்வின் அடியை வெட்டுகிறார்கள். அடி வெட்டப்பட்ட சாய்வு மழைக்குத் தாங்குவதில்லை. கால் இல்லை, காசு.

கூட்டமாகப் போகும்போது மனச்சாட்சிக்கு ஒரு விசேஷ இடையூறு நேர்கிறது. முப்பது பேர் உள்ள பஸ்ஸில் பத்துப் பேருக்குப் பயம் இருக்கும். ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்து, “இவர்கள் பேசாமல் இருக்கிறார்களே, எனக்கு மட்டுந்தான் பயம் போலும்” என்று அடங்கிவிடுவர். அந்த மௌனத்தையே தலைவர் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். பனிமலை அணிகள் பலவற்றில் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: புறப்பட எல்லாரும் இணங்கவேண்டும், திரும்ப ஒருவர் சொன்னாற் போதும். அவர் அணியில் இளையவராயிருந்தாலும், காரணம் விளக்கத் தெரியாதவராயிருந்தாலும், கேலிக்கு இடமில்லை. புனித தோமஸ் அக்குவினாஸ் விவேகத்தின் கூறுகளுள் நினைவாற்றலைச் சேர்த்த அதே இடத்தில், பிறரிடம் கற்கும் மனத்தையும் முன்னோக்கையும் எச்சரிக்கையையும் சேர்த்திருக்கிறார். நாமோ நினைவை மட்டும், அதிலும் “போன தடவை” என்ற ஒரே நினைவை மட்டும், பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

குடும்பங்களிலும் இவ்வழக்கம் வரவேண்டும் என்பது என் விருப்பம். கினிகத்தேனையில் வைத்து அம்மா “எனக்கு என்னவோ போல இருக்கு, திரும்புவமே” என்றால், “உனக்கு எப்பவும் பயந்தான்” என்று அடக்கிவிடும் அப்பாமார் நம்மிடையே அநேகர். திரும்பிய பயணத்தில் அந்தப் பயம் வீண் என்று எவராலும் நிரூபிக்க முடியாது; அவசியம் என்றும் நிரூபிக்க முடியாது. அந்தச் சங்கடத்தைச் சகித்துக்கொள்வதுதான் இங்கே கடினமான பகுதி. திரும்பி வந்தபின் மலை அசையாமல் நின்றால், “பார்த்தியா, போயிருக்கலாம்” என்று வருடம் முழுவதும் ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார். சொல்லட்டும்.

சொல்லப்போனால், மனச்சாட்சியைவிடப் பலரைப் பாதையில் தள்ளுவது முற்பணம். விடுதிக்குக் கட்டியாயிற்று, வண்டிக்குக் கட்டியாயிற்று, இனி எப்படி நிறுத்துவது? எனவே பயண ஒழுங்கு செய்யும் பங்குச் சங்கங்களுக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வண்டிக்காரரோடும் விடுதிக்காரரோடும் பேசும் முதல் நாளே, போகும் பிரதேசத்துக்குச் செம்மஞ்சள் அல்லது சிவப்பு எச்சரிக்கை வந்தால் பணம் வேறு திகதிக்கு மாற்றப்படும் என்பதைத் துண்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாரதிக்கு, “நீங்கள் வேண்டாம் என்றால் நாங்கள் திரும்புவோம், உங்கள் கூலி குறையாது” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவையுங்கள். புறப்படும் நாள் காலையில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத்துக்கு ஒருவர் அழைத்துப் பாதையின் நிலையைக் கேட்கட்டும். அந்த ஒருவர் யார் என்பதையும் முதல்நாளே தீர்மானித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மற்றவர் கேட்டிருப்பார் என்று எல்லாரும் இருந்துவிடுவார்கள்.